ஒரு வெள்ளி ஆஸ்பத்திரியும் வெளியூர் மாணவர்களும்

எங்கள் வட்டாரத்தில் யாராவது "நான் ஹார்வார்டில் படித்தவன்" என்று சொன்னால் ஒருவரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். "எந்தப் பிரிவு, ஒண்ணா ரெண்டா?" என்று கேட்பார்கள். மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கம் ஹார்வார்ட் என்பது ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயர். அதன் பிரிவுகளின் பெயரில் தமிழ்ப்பள்ளிகள் உண்டு. அமெரிக்காவிலும் அப்படி ஒரு பெயர் இருக்கிறது, அங்கேயும் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதெல்லாம் எங்களுக்குப் பிற்பாடு தெரிந்த சங்கதி.

வீட்டு மாடியில் இரண்டு அறைகளை மருத்துவ மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் இந்தக் கதையைச் சொல்லிவிடுவது என் வழக்கம். ஒரு பையன் மட்டும் சிரித்துவிட்டு, "அந்த ஹார்வர்ட் ஆளுங்களும் எங்கள மாதிரிதான் அங்கிள். கடைசி வருசம் மூட்டையக் கட்டிக்கிட்டு வேற ஊரு ஆஸ்பத்திரிக்குப் போயிடுவாங்க" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொந்தக் கல்லூரி, சொந்த மருத்துவமனை, சொந்தப் பேராசிரியர் எல்லாம் இருக்கும்போது எதற்காக ஒருவன் முகம் தெரியாத ஊரில், கூட்டம் முட்டி வழியும் அரசு மருத்துவமனைக்குப் போய் நிற்க வேண்டும்? அவன் வந்து நிற்பதால் அங்கே கட்டிலில் படுத்திருக்கிறவருக்கு என்ன கிடைக்கிறது?

முதலில் அமெரிக்கக் கதையை முடித்துவிடலாம். அங்கே மருத்துவப் படிப்பு நான்கு ஆண்டு. நான்காம் ஆண்டில் மாணவர்கள் வேறொரு ஊரின் மருத்துவமனையில் ஏறக்குறைய நான்கு வாரம் தங்கி ஒரு துறையில் வேலை பழகுகிறார்கள். விண்ணப்பம் பெரும்பாலும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் இணையத்தளம் வழியாகப் போகிறது. பெயர் என்னவோ கற்றல்தான். உள்ளே இருப்பது பெண் பார்க்கும் சடங்கு. படிப்பு முடித்தவர்களுக்குச் சிறப்புப் பயிற்சி இடம் ஒதுக்கும் முடிவு ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் வெளியாகும். அதற்கு முன்பே, எந்த மருத்துவமனையில் சேர ஆசையோ அங்கே நான்கு வாரம் இருந்து காட்டிவிட வேண்டும். அவர்களும் இவனைப் பார்ப்பார்கள், இவனும் அவர்களைப் பார்ப்பான். எலும்பு அறுவை, அவசரச் சிகிச்சை போன்ற துறைகளில் இது கிட்டத்தட்ட எழுதாத சட்டம். பயணச் செலவு, தங்கும் செலவு பெரும்பாலும் மாணவன் தலையில். கையில் காசு உள்ளவன் மூன்று ஊர் போகிறான், இல்லாதவன் ஓர் ஊரோடு நிறுத்திக்கொள்கிறான் என்ற முணுமுணுப்பு அங்கே பழையது. 2020-இல் பெருந்தொற்று வந்து இந்தப் போக்குவரத்தை ஏறக்குறைய நிறுத்தியபோது, எல்லாரும் ஒரே கோட்டில் நிற்கிறோம் என்று நிம்மதிப்பட்டவர்களும் இருந்தார்கள்.

அப்படிப் போகிறவர்கள் தேடும் இடங்களில் பெரிய பொது மருத்துவமனைகள் முக்கியமானவை. 1736-இல் தொடங்கிய நியூயார்க்கின் பெல்வியூ, சிகாகோவின் குக் கவுண்டி போன்றவை. காப்பீடு இல்லாதவர், வீடில்லாதவர், குண்டடி பட்டவர், மொழி தெரியாத குடியேறிகள் எல்லாரும் வந்து சேரும் வாசல் அது. தனியார் மருத்துவமனையில் மூத்தவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் மாணவனுக்கு இங்கே கையால் செய்ய ஏதாவது கிடைக்கும் என்பது நம்பிக்கை. ஏழையின் உடம்பில் பழகிக்கொண்டு பணக்காரர் ஊரில் வைத்தியம் பார்ப்பது என்று இதைக் கடுமையாகச் சொல்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வியைக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்வோம், நம் ஊருக்கு வரும்போது தேவைப்படும்.

சரி, நம் ஊர். ஜெராய் மலையின் அடிவாரத்தில், சுங்கைப்பட்டாணிக்கும் குரூனுக்கும் நடுவில் பீடோங். சோழர் கல்வெட்டில் கடாரம் என்று வரும் நிலம் இதுதான் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் அடித்தளங்கள் இங்கிருந்து மோட்டார் சைக்கிளில் போகிற தூரம். ஆனால் எங்கள் பாட்டன்மாரைக் கொண்டுவந்தது ராஜேந்திர சோழன் அல்ல, பால்மரம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் சில கைமாறின, சில வீட்டுமனையாயின. லயங்கள் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் பட்டணத்து ஓரத் தாமான்களுக்கும் (வீடமைப்புக் குடியிருப்புகள்) அடுக்குமாடிகளுக்கும் குடிவந்தார்கள். 2001-இல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியின் கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி. எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. அதன் வளாகம் இங்கே செமிலிங்கில் எழுந்தது. அதற்கப்புறம்தான் வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு ரொட்டி சானாய் கடையில் நிற்கும் பிள்ளைகள் இந்த ஊரின் காலைக் காட்சி ஆனார்கள். ஒரு காலத்தில் அதே நேரத்துக்குத் தோட்டத்து ஆட்கள் வரிசையில் நிற்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவார்கள், வந்தவருக்கு அன்றைய கூலிக்குப் பேர் போடுவார்கள்.

மலேசியாவின் தனியார் மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தப் போதனா மருத்துவமனை கிடையாது. சுகாதார அமைச்சின் வார்டுகளை நம்பித்தான் பாடம் நடக்கிறது. எய்ம்ஸ்ட் மாணவர்களுக்குச் சுங்கைப்பட்டாணியின் சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனை. கோலாலம்பூரில் முதல் பாதியைப் படிக்கும் ஐ.எம்.யூ. மாணவர்களுக்குச் சிரம்பான். மணிப்பால் கல்லூரிக்கு மலாக்காவும் மூவாரும். பிரிட்டனின் நியூகாசல் பல்கலைக்கழகக் கிளைக்கு ஜொகூர். ஆக இங்கே மருத்துவம் படிப்பதே ஒருவகையில் வெளியூர் வேலைதான். இதற்குப் பெயர் 'போஸ்டிங்'. இதைத் தவிர 'எலெக்டிவ்' என்று ஒன்று உண்டு. மாணவனே ஊரையும் துறையையும் தேர்ந்து, மருத்துவமனை இயக்குநரின் அனுமதி வாங்கிக்கொண்டு சில வாரம் போய் இருப்பது. அமெரிக்க ஏற்பாட்டுக்கு நெருங்கிய உறவு இதுதான்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ரஷ்யாவிலும் இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் படிக்கும் நம் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்ததும், பக்கத்து அரசு மருத்துவமனையில் இரண்டு வாரம் மூன்று வாரம் நிற்க அனுமதி கேட்பார்கள். இவர்களுக்குச் சொந்த ஊர்தான் வெளியூர் மருத்துவமனை. நோயின் பெயர் லத்தீனில் தெரியும், மாத்திரையின் வேலை தெரியும். ஆனால் மலாயில் "கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்" என்று கேட்கத் திணறுவார்கள்.

அமெரிக்காவில் இருப்பதுபோல் பெண் பார்க்கும் சடங்கு இங்கே இல்லை. பட்டம் வாங்கியவர் முதலில் ஹவுஸ்மேன், அதாவது பயிற்சி மருத்துவர் ஆக வேண்டும் (பெண்ணாக இருந்தாலும் ஹவுஸ்மேன்தான், மொழி அப்படி). இடம் இணையத்தில் திறக்கும். காலியிடத்தைப் பார்த்துத் தட்டிப் பிடிக்க வேண்டும், தீபாவளிக்கு ரயில் டிக்கெட் எடுப்பதுபோல. ஒரு மருத்துவமனையில் நான்கு வாரம் நல்ல பெயர் எடுத்தேன் என்பது அங்கே செல்லாக்காசு. 2008 முதல் இந்தப் பயிற்சி இரண்டு வருடம், நான்கு மாதத்துக்கு ஒரு துறை என்று ஆறு துறை. 2016 இறுதியில் இருந்து புதியவர்கள் ஒப்பந்த அடிப்படையில்தான் எடுக்கப்படுகிறார்கள். 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்புச் சட்டையோடு வார்டை விட்டு வெளியே வந்து நின்றது எல்லாருக்கும் நினைவிருக்கும்.

அப்படியானால் இங்கே மாணவன் எதற்காகக் கூட்டமான மருத்துவமனையைத் தேடுகிறான்? மாடிப் பிள்ளைகளிடம் கேட்டால் பதில் ஒரே மாதிரி வரும்: பயம். ஹவுஸ்மேன் ஆன முதல் நாள் ஒரு பிரானுலாகூடப் போடத் தெரியாமல் நிற்கக் கூடாது. நரம்பில் ஊசிக்குழாய் ஏற்றுவதற்கு நம் மருத்துவமனைகளில் பிரானுலா என்றுதான் பெயர், அதை வேறு பெயரில் கேட்டால் மிசி (தாதி) ஒரு நிமிடம் யோசிப்பார். 'டேகிங்' என்ற முதல் சில வாரத்தில் மூத்த ஹவுஸ்மேன் பின்னால் காலை இருட்டிலிருந்து இரவு வரை ஓட வேண்டும். அதற்கு முன்பே கை பழகிவிட்டால் திட்டு கொஞ்சம் குறையும் என்று ஒரு கணக்கு. 2022-இல் பினாங்கில் ஒரு பயிற்சி மருத்துவரின் மரணத்துக்குப் பிறகு பணிக்கலாச்சாரத்தை ஆராய அமைச்சு குழு அமைத்ததை எல்லாம் இந்தப் பிள்ளைகள் செய்தியாகப் படிக்கவில்லை, நாளை நமக்கு என்ன என்று படித்தார்கள்.

அதனால் மாணவன் எண்ணிக்கொண்டு வருவது கைவேலை. இத்தனை ரத்தம் எடுத்தேன், இத்தனை தையல் போட்டேன், இத்தனை பிரசவம் பார்த்தேன். லாக்புக்கில் கட்டம் கட்டமாக அதற்குத்தான் இடம் இருக்கிறது.

ஒரு தோட்டப் பட்டணத்து மருத்துவமனையிடம் என்ன இல்லையோ அது இந்தக் கட்டங்களில் இல்லை. நோயாளிக்குப் பஞ்சமில்லை. ஊசி போட ஆளும் எப்படியோ கிடைத்துவிடுகிறார். இல்லாதது நேரம். குடிமக்கள் என்றால் பதிவுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்), நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி என்ற கட்டணத்தில் நடக்கும் இடத்தில், ஒரு மருத்துவ அதிகாரிக்கு ஒரு நோயாளியோடு கிடைப்பது சில நிமிடம். அதில் பாதி கணினிக்குப் போகும். அந்த இடத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார வாய்ப்புள்ள ஒரே ஆள் வெளியூரிலிருந்து வந்த மாணவன். அவனுக்கு மருந்து எழுத உரிமை இல்லை, டிஸ்சார்ஜ் செய்ய உரிமை இல்லை, அவசரமாக யாரும் அவனைக் கூப்பிடப் போவதுமில்லை. தன்னிடம் இருக்கும் ஒரே சொத்து அதுதான் என்பது பல பேருக்குத் தெரிவதில்லை. ஊசியைத் தேடி வார்டு வார்டாக அலைகிறார்கள்.

இதை ஒரு பாம்புக்கடியை வைத்துச் சொன்னால் புரியும். வடக்கு மாநிலங்களின் தோட்டங்களில் ஒரு விரியன் உண்டு. மலாய்க்காரர்கள் அதை 'ஊலார் காப்பாக் போடோ' என்பார்கள், முட்டாள் கோடாலிப் பாம்பு. ஆள் வந்தாலும் விலகிப் போகாமல் காய்ந்த இலையோடு இலையாகக் கிடக்கும், அதனால் அந்தப் பெயர். விடியற்காலை நெற்றி விளக்கோடு பால்மரம் சீவப் போனவர்கள் காலில் கொத்தியது இதுதான். இன்று செம்பனைக் குலை வெட்டுகிறவர்களையும் கொத்துகிறது. இதன் நஞ்சு ரத்தம் உறைவதைக் கெடுக்கும். கெடுத்துவிட்டதா என்று பார்க்க ஒரு பழைய, மிக எளிய பரிசோதனை இருக்கிறது. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் கட்டியாகாமல் வழிந்தால் நஞ்சு வேலை செய்கிறது, முறிமருந்து தேவை. அந்த மருந்து தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கத்தின் நிலையத்தில் தயாராகிறது.

பரிசோதனைக்கு இயந்திரம் வேண்டாம், மூளைகூடப் பெரிதாக வேண்டாம். இருபது நிமிடம் குழாயைப் பார்த்துக்கொண்டு இருக்க ஓர் ஆள் வேண்டும். அவசரப் பிரிவின் மஞ்சள் மண்டலத்தில் இருபது நிமிடம் ஒரே இடத்தில் நிற்கக்கூடியவர் யார்? ஹவுஸ்மேனை அதற்குள் நான்கு பேர் கூப்பிட்டிருப்பார்கள். கோலாலம்பூரில் வளர்ந்து, பாம்பை மிருகக்காட்சிச் சாலையில் மட்டும் பார்த்த ஒரு மாணவி இங்கே வந்து முதல்முதலாக உருப்படியாகச் செய்த வேலை இதுதான் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

இனிப்பு நீர் விஷயமும் அப்படியே. 2019-இன் தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். எங்கள் தெருவில் எண்ணினால் ஆய்வு தேவையில்லை. காலில் புண்ணோடு வந்து, விரல் போய், அப்புறம் பாதம் போய்த் திரும்புகிறவர்களை நாங்கள் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். அறுவைக் கூடத்தில் அந்தக் காலை எடுப்பதைப் பார்க்க மாணவர்கள் முண்டியடிப்பார்கள். ஆனால் கால் போவது அறுவைக் கூடத்தில் இல்லை, அதற்குப் பல வருடம் முன்பு, உணர்ச்சி போகும் நாளில். "செருப்பு கழண்டு விழுந்ததே தெரியலப்பா, ரோட்டத் தாண்டி வந்து பாத்தாதான் ஒரு காலு வெறுங்காலு" என்று ஒரு பெரியவர் சொன்னால் அதுதான் நோயின் முழு வரலாறு. அதைச் சொல்ல அவருக்குப் பத்து நிமிட முன்னுரை வேண்டும். மகன் சிங்கப்பூரில் இருப்பது, அந்தச் செருப்பை அவன்தான் வாங்கிக் கொடுத்தது, அதன் விலை எல்லாம் முதலில் வரும். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இரண்டு நிமிடம்தான். ஆனால் யாரைச் சோதிக்க வேண்டும் என்று தெரிவதற்கு அந்தச் செருப்புக் கதையைக் கேட்டாக வேண்டும்.

கேட்பதிலும் ஒரு கேடு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சில வருடம் முன்பு அம்மா ஓர் அரசு மருத்துவமனையில் நெஞ்சுச் சளிக்காகப் படுத்திருந்தார். ஒரே நாளில் ஏழு பேர் வந்து "எப்போலேர்ந்து இருமல்?" என்று கேட்டார்கள். ஐந்தாவது ஆளுக்கு அம்மா கையால் நெஞ்சைக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஏழாவது ஆள்தான் உண்மையான டாக்டர். அவருக்கும் அதே கை, அதே மூடிய கண். முன்னால் வந்த ஆறு பேரும் யார், எதற்காகக் கேட்டார்கள், வேண்டாம் என்று சொல்லலாமா என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டவர் எல்லாம் டாக்டர் என்று நாங்களும் எழுந்து எழுந்து நின்றோம். ஒரு வெள்ளி கட்டியதற்கு மீதி விலை இதுதான் என்று அம்மா நினைத்துக்கொண்டாரோ என்னவோ. சம்மதம் கேட்பது என்பது பெரிய காகிதத்தில் கையெழுத்து வாங்குவது இல்லை. "பாட்டி, நான் இன்னும் டாக்டர் இல்ல, படிக்கிற பிள்ள. கொஞ்ச நேரம் பேசலாமா?" இவ்வளவுதான். இதைச் சொல்லும் மாணவரிடம் வேண்டாம் என்ற நோயாளியை நான் இன்னும் பார்க்கவில்லை. சொல்லாதவரிடம்தான் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

சில நோயாளிகள் இதில் கைதேர்ந்தவர்கள். சின்ன வயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிப்போன ஓர் அம்மா எங்கள் பக்கத்துத் தாமானில் இருந்தார். தேர்வுக் காலத்தில் அவர் வார்டில் இருப்பதாகத் தெரிந்தால் மாணவர்கள் வரிசையில் வருவார்கள். அந்த வால்வு எழுப்பும் முணுமுணுப்புச் சத்தம் சன்னமானது, நோயாளியை இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்துக் கேட்டால்தான் தெளிவாகப் பிடிபடும். ஸ்டெதஸ்கோப்பை நேராக வைத்துத் தடுமாறும் பையனிடம், "தம்பி, இருப்பா, நான் திரும்பிக்கிறேன்" என்று அவரே புரண்டு படுப்பாராம். எத்தனை பேர் அவர் புண்ணியத்தில் தேறினார்களோ.

இனி மொழி. எனக்குச் சொல்ல நிறைய இருக்கும் இடம் இதுதான். வார்டின் வேலைமொழி மலாய், குறிப்பேட்டில் ஆங்கிலம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எழுபது வயதுக்காரருக்குச் சந்தை மலாய் நன்றாகவே வரும். மீன் வாங்கலாம், பஸ் ஏறலாம். வலியைச் சொல்ல அது போதாது. "நெஞ்சுல வாயு புடிச்சிருக்கு" என்கிறார் ஒருவர். மலாயில் அது 'அங்கின்' ஆகிறது, காற்று. அதைக் கேட்கும் மருத்துவர் வயிற்றுக் காற்று என்று எடுத்துக்கொண்டால் குறிப்பேட்டில் கேஸ்ட்ரிக் என்று ஏறும். மூன்று சொல் தாண்டுவதற்குள் நெஞ்சு காணாமல் போய்விட்டது. நம் ஆட்கள் வாயு என்று சொல்வது ஏப்பமாகவும் இருக்கலாம், முதுகுப் பிடிப்பாகவும் இருக்கலாம், கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டு விடியும்வரை பொறுத்துப்பார்த்த மாரடைப்பாகவும் இருக்கலாம். எது என்று பிரிக்க இன்னொரு கேள்வி வேண்டும்: குத்துதா, கரிக்குதா, கல்லைத் தூக்கி வைத்த மாதிரி அழுத்துதா? மயக்கம் என்ற சொல்லும் இதே ரகம். மயக்கமாக வருவது வேறு, மயக்கம் போட்டு விழுவது வேறு.

ஆகவே தமிழ் தெரிந்த மாணவர் வந்தால் வார்டு முழுக்க அவரைத் தேடும். "இந்த ஆன்ட்டிகிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லு." அவர் வந்தது அறுவைத் துறைக்கு, நாள் முழுக்கச் செய்தது மொழிபெயர்ப்பு. மாடிப் பிள்ளைகளில் சிலர் இதற்குச் சலித்துக்கொள்வார்கள், லாக்புக்கில் அதற்குக் கட்டம் இல்லை என்று. என் எண்ணம் வேறு. அந்த வேளையில் அந்த வார்டில் நோய் என்ன என்று முதலில் அறிகிறவர் அவர்தான். நிபுணருக்கே அவர் வழியாகத்தான் விஷயம் போகிறது.

ஆனால் சொந்த மொழி எல்லாக் கதவையும் திறக்காது, சிலவற்றை இறுக்கிச் சாத்தும். குடிப்பீர்களா என்று ஒரு மலாய் டாக்டர் கேட்டால் தாத்தா கூச்சமில்லாமல் தலையாட்டுவார். அதையே பேத்தி வயதில் ஒரு தமிழ்ப் பெண் "தாத்தா, தண்ணி பழக்கம் உண்டா?" என்று கேட்டால், "சே, சே" என்பார். கல்லீரல் வேறு கதை சொல்லிக்கொண்டிருக்கும். இந்த வெட்கத்துக்கு இங்கே ஒரு வரலாறு உண்டு. ஜப்பான்காரன் போன கையோடு ஹார்வார்ட் தோட்டத்திலிருந்துதான் தொண்டர் படை கிளம்பியது. ஏ.எம். சாமி தலைமையில் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தார்கள். 1947-இல் பீடோங்கில் போலீசோடு மோதல் வரை போனது. குடி என்பது எங்கள் வட்டாரத்தில் வெறும் பழக்கம் இல்லை, மானப் பிரச்சினை. வெளியூர் மாணவிக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்தவர்கள் கேள்வியைச் சுற்றி வளைத்து, "அந்தக் காலத்துல தோட்டத்துல கள்ளுக்கடை எங்க தாத்தா இருந்துச்சு?" என்று தொடங்குகிறார்கள்.

இன்னொரு சங்கடம், ஊர் சின்னது. விடுமுறைக்கு வந்து வார்டில் நிற்கும் ரஷ்யா மாணவன் நோயாளியின் பெரியம்மா வீட்டுப் பக்கத்து வீட்டுக்காரனாக இருப்பான். கருக்கலைப்போ காசநோயோ அவன் காதில் விழுந்தால் கோயில் திருவிழாவுக்குள் ஊர் அறியும் என்ற பயம் நோயாளிக்கு உண்டு. அவன் வாயே திறக்காதவனாக இருக்கலாம். பயம் அதைப் பார்த்து வருவதில்லை.

தோட்டத்து உடம்பில் வைத்தியம் பழகுவது நேற்று வந்த வழக்கமும் இல்லை. 1901-இல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் காடுமேடு பார்த்து வாய்க்கால் வெட்டி மலேரியாவைக் கட்டுப்படுத்திய முறை, பின்பு தோட்டங்களுக்கும் பரவியது. 1948-இல் ஜோசப் ஸ்மாடெல் என்ற அமெரிக்கரின் குழு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் உண்ணிக் காய்ச்சலுக்குக் குளோராம்பெனிகாலைக் கொடுத்துப் பார்த்தது. உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுத்தவர்களில் சிலருக்கு இருந்தது டைஃபாய்ட், அவர்களும் தேறினார்கள். டைஃபாய்டுக்கு மருந்து கிடைத்தது அப்படித்தான். உலகம் முழுக்கப் பயன்பட்ட கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. படுத்திருந்தவர்களின் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு டிரெஸ்ஸர் இருப்பார். காய்ச்சலுக்கும் காயத்துக்கும் அவர்தான், தமிழில் திட்டி, தமிழில் மருந்து கொடுத்தார். அந்தத் தோட்ட மருந்தகங்கள் ஒவ்வொன்றாக மூடிய பிறகுதான் பட்டணத்து மருத்துவமனையின் வரிசை நீண்டது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் மாணவர்களை வார்டுக்குள் விடவில்லை. மாடி அறைகள் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தன. பிள்ளைகள் வீட்டிலிருந்து திரையில் நோயாளியைப் பார்த்துப் படித்தார்கள். திரும்பி வந்தபோது அவர்களில் ஒருத்தி சொன்னாள்: "நாடி பிடிக்கத் தெரியும் அங்கிள், ஆனா ஒருத்தர் கையத் தொடவே கூச்சமா இருக்கு." அந்தக் கூச்சம் போக இரண்டு மாதம் ஆயிற்று.

இப்போது செம்பனைக்கு அடியில் குலை வெட்டுவது பெரும்பாலும் நம் ஆட்கள் இல்லை. இந்தோனேசியர், வங்காளதேசத்தவர். பாம்புக்கு ஆள் யாரென்று தெரியாது. கண்ணாடிக் குழாயோடு இருபது நிமிடம் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னேனே, அந்த மாணவி, அன்று கட்டிலில் இருந்தது ஒரு வங்காளதேசத்து இளைஞன். கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. அவன் அவளையே பார்த்து ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தான், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப. அவளுக்குத் தமிழ், மலாய், ஆங்கிலம், கொஞ்சம் மாண்டரின் எல்லாம் தெரியும். கைப்பேசியை அவன் வாய்க்கருகே நீட்டினாள். அது எதையோ மொழிபெயர்த்து "நாளின் பெயர்" என்று காட்டியது. கொஞ்சம் மலாய் தெரிந்த கூட்டாளி ஒருவன் வெளியிலிருந்து வந்து சேர்ந்தபோதுதான் விளங்கியது. இன்றைக்குப் பேர் போடுவார்களா, இல்லை சம்பளத்தில் வெட்டுவார்களா என்று கேட்டிருக்கிறான்.

குழாயைச் சாய்த்தாள். ரத்தம் தண்ணீராக வழிந்தது. மருத்துவ அதிகாரியைக் கூப்பிட ஓடினாள். மருந்து ஏற்ற அவனைச் சிவப்பு மண்டலத்துக்கு மாற்றினார்கள். இரவு பத்து மணிக்கு எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து லாக்புக்கை நிரப்பினாள்: பாம்புக்கடி ஒன்று, ரத்தம் உறைதல் சோதனை ஒன்று. பிறகு தலையைத் தூக்கி, "அங்கிள், பேர் போடுறதுன்னா என்ன?" என்று கேட்டாள்.